எமன் ஆபீஸ் கிளார்க்கின் டப்பா

தில்லியில் ஒரு மனிதன் சாவதற்கு எத்தனை வழி உண்டோ அத்தனையும் விரல் நுனியில் வைத்திருக்கும் ஒரே தமிழர் எங்கள் போஸ்ட்மார்ட்டம் அண்ணன்தான். விரல் நுனி என்று அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அவர் வேலையே அது. ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பிணவறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, டாக்டர்கள் கிறுக்கித் தரும் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறார். பதினாறு வருஷமாக.

கரோல் பாக்கில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒற்றை அறை ஒன்று உண்டு. அதில் அவர் மட்டும். ஊர் உசிலம்பட்டி, வயது நாற்பது, கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் சமையல் அறை கேஸ் குழாயைத் தடவிப் பார்த்தவருக்கு எப்படி ஆகும்? அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. வாடகை ரசீதில் மட்டும் பார்த்திருக்கிறேன். கட்டடத்துப் பஞ்சாபிகள் ‘போஸ்ட்மார்ட்டம்ஜி’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். என் அம்மாவுக்கு அந்த மரியாதை கிடையாது. அம்மா திருநெல்வேலி. மணி அடித்தால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிச் சொல்வாள்: “ஏட்டி, எமன் ஆபீஸ் கிளார்க்கு வந்திருக்கான். கதவத் தொற.”

சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் வைத்திருப்பார். எந்த வீட்டுக்குப் போனாலும் ஃபிரிட்ஜைத் தொடுவதற்கு முன் டெஸ்டரால் ஒரு குத்து. பிறகு விசாரணை.

“அக்கா, இந்த கீசர் எத்தன வருசமா இருக்கு?”

“எட்டு வருசமா இருக்கு. நல்லாத்தான இருக்கு?”

“போன மாசம் ஒருத்தர் வந்தாரு. அவருக்கும் எட்டு வருச கீசர்தேன்.”

‘வந்தார்’ என்றால் அவர் அகராதியில் எங்கே வந்தார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பா அந்த டிசம்பர் முழுவதும் பக்கெட்டில் வெந்நீர் கொண்டுபோய்க் குளித்தார்.

தில்லி துவாரகாவில் ஒரு கல்யாணத்துக்கு அவரும் வந்திருந்தார். உட்கார்ந்தவர் மேலே பார்த்தார். மண்டபத்தின் நடுவில் பெரிய சரவிளக்கு. எழுந்து சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் யாரென்று தெரிந்த நாலு பேர் பின்னாலேயே போனார்கள். அவர்களைப் பார்த்து எட்டுப் பேர். முகூர்த்த நேரத்தில் மண்டபத்தின் நடுவே மணமக்களும் புரோகிதரும் மட்டும் இருந்தார்கள். நாங்கள் எல்லோரும் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கிருந்தே அட்சதையை வீசினோம். பெண்ணின் அப்பா இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

இப்படிப்பட்டவருக்குக் கட்டடத்தில் ஒரே ஒரு சிநேகிதன்: லல்லன் பையா. வாசலில் மேஜை போட்டுக் கரிப்பெட்டியில் இஸ்திரி போடுபவர். மனைவி சுனிதாவோடு மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் குடியிருந்தார். ஜன்னல் கிடையாது. கதவிடுக்கில் குளிர் வராமல் சாக்கைச் சுருட்டி அடைத்திருப்பார்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் இஸ்திரிப் பெட்டியில் மிச்சமிருக்கும் கனலை இரும்புச் சட்டியில் கொட்டி, குளிருக்கு அடக்கமாக உள்ளே எடுத்துப் போவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன் முகம் மாறும்.

“ஏய் லல்லன், கரி அந்தர் நஹி. மர் ஜாயேகா.” உள்ளே வேண்டாம், செத்துப்போவாய். பதினாறு வருஷ தில்லி வாசம் அவர் ஹிந்தியில் ஒரு கீறல்கூடப் போடவில்லை.

“பாபுஜி, கரி கொல்லுமென்றால் பதினைந்து குளிர்காலத்தில் நான் பதினைந்து தடவை செத்திருக்கணும்” என்று லல்லன் ஹிந்தியில் சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சுத்தியலோடு வந்து அந்த அறைச் சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்துக் காற்றுக்கு ஓட்டை போட்டார். வீட்டுக்காரர் சத்தம் போட்டார். அன்று சாயங்காலமே லல்லன் பழைய போர்வையைக் கிழித்து ஓட்டையை நேர்த்தியாக அடைத்துவிட்டார்.

அதன் பிறகு அண்ணன் தினமும் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கதவைத் தட்ட ஆரம்பித்தார். “ஜிந்தா ஹோ?” உயிரோடு இருக்கிறாயா?

உள்ளிருந்து தூக்கக் கலக்கத்தில் பதில் வரும்: “மர் கயா, பாபுஜி.” செத்துவிட்டேன்.

அதைக் கேட்டதும் அண்ணன் திருப்தியாக மெட்ரோவுக்கு நடப்பார்.

இதில் நான் எங்கே வந்தேன்? கம்ப்யூட்டர் படித்துவிட்டு குருகிராமில் வேலை பார்க்கிறேன். கல்லூரியில் தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் ரோபோ வண்டி செய்து பரிசு வாங்கிய நாளிலிருந்து எனக்குக் கை சும்மா இருக்காது. பால்கனித் துளசிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி செய்து, ஒரே வாரத்தில் துளசியை அழுக வைத்திருந்தேன். அந்தப் பெருமை மாடிவரை போயிருக்கிறது.

“பாப்பா, நீ ரோபோவெல்லாம் பண்ணுவியாமே?”

“பண்ணுவேன் அண்ணா. என்ன வேணும்?”

“ஒரு டப்பா வேணும். ரூமுக்குள்ள கரிப்புகை வெசம் ஏறுனா அது கத்தணும். தூங்குறவன் எந்திரிக்கணும்.”

“அச்சா, அது ஆன்லைன்லயே ரெடிமேடா கிடைக்குமே.”

“போன வருசமே வாங்கி லல்லனுக்குக் குடுத்தேன். வெல கூடுன சாமான்னு பாலிதீன் கவர்ல சுத்தி டிரங்குப் பொட்டியில வச்சுப் பூட்டிட்டான். கேட்டா, பத்திரமா இருக்கு பாபுஜின்னு தொறந்து காட்டுறான்.”

“அதுக்காக நாமளே செய்யணுமா?”

“கூட உக்காந்து செஞ்சா அவனும் வந்து பாப்பான்ல? தன் கை பட்டத யாரும் பொட்டியில வைக்க மாட்டாய்ங்க.” டெஸ்டரைத் திருகிக்கொண்டே சொன்னார்: “டிசம்பர் வந்துட்டா நான் ஒரே பத்தியத்தேன் திரும்பத் திரும்ப அடிப்பேன் பாப்பா. மூடுன ரூம், கரிச்சட்டி. பேரு மாறும், வயசு மாறும், பத்தி மாறாது. அதனால போன வருசம் கம்ப்யூட்டர்ல ஒரு ஷார்ட்கட் வச்சேன். மூணு எழுத்து தட்டுனா பத்தி முழுசா வந்து விழுந்துரும். வேல சுளுவாப் போச்சேன்னு டீ குடிக்கப் போனேன். பாதி டீயிலதேன் ஒறச்சுச்சு, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்னு.”

மறுநாளே பாடம் ஆரம்பித்தோம்.

மைக்ரோகண்ட்ரோலர் போர்டு என்பது சீட்டுக்கட்டில் பாதி அளவு இருக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். நாம் எழுதித் தரும் ஒரே வேலையைச் சலிக்காமல் செய்யும். யாராக இருந்தாலும் முதல் பாடம் ஒன்றுதான்: ஒரு சின்ன எல்ஈடி விளக்கை அணைத்து அணைத்து எரிய வைப்பது. நான் பத்து வரி நிரலைச் சொல்லச் சொல்ல, அண்ணன் கீபோர்டைப் பார்க்காமலே அடித்துத் தள்ளினார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முடித்துவிட்டார். ஓடவில்லை. பார்த்தால், பழக்கதோஷத்தில் மேலே தேதியும் கீழே ‘ஒப்பம்’ என்றும் அடித்திருந்தார்.

அதை அழித்ததும் விளக்கு மினுக்கியது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம். நான் அடுத்த பாடத்துக்காக வயரைப் பிடுங்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டார்.

“நிறுத்தாத. நாடி மாதிரி இருக்கு.”

“அண்ணா, இது வெறும் எல்ஈடி.”

“என்கிட்ட வர்றதெல்லாம் நின்ன பெறகுதேன் வரும் பாப்பா. ஒண்ணு ஆரம்பிக்கிறத இப்பத்தேன் பாக்குறேன்.”

ஆரம்பித்ததெல்லாம் நிற்கவும் செய்தது. பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்து முதல் வாரத்திலேயே மூன்று போர்டுகளை எரித்தார். எரிந்ததை எறிய விடமாட்டார். ஒரு காஜு கத்லி பெட்டியில் பஞ்சு விரித்து வரிசையாகப் படுக்க வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு ஒட்டுவார். “போர்டு எண் இரண்டு. வெளிக்காயம்: இடது ஓரத்தில் கருகல், பட்டாணி அளவு. மரணத்துக்குக் காரணம்: தலைகீழ் மின் இணைப்பு. தவிர்த்திருக்கலாம்.” அந்தக் கடைசி வார்த்தையை எல்லாச் சீட்டிலும் எழுதினார்.

லல்லன் இடையிடையே மேலே வந்து தரையில் உட்கார்ந்து பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். “பாபுஜி, ஆஸ்பத்திரியில் கிடைக்கிற பிணம் போதாதா?”

அடுத்து சென்சார் வந்தது. கரிப்புகையை மோப்பம் பிடிக்கும் பொருள். தகர வலை போட்ட சட்டைப் பித்தான் மாதிரி இருக்கும். அதில் ஒரு தொல்லை. புதிதாக வாங்கினால் இரண்டு நாள், நாற்பத்தெட்டு மணி நேரம், மின்சாரத்தில் விடாமல் சூடாக வேண்டும். அப்போதுதான் அதற்கு மூக்கு சரியாக வேலை செய்யும். மாடி அறையில் ஃபியூஸ் அடிக்கடி போகும் என்பதால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறை பிளக்கில் சொருகினோம். அண்ணன் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, பிளக்குக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவுக்கு மிக்ஸி போடும் பிளக் அதுதான்.

“தம்பி, மாவு அரைக்கணும். ஒரு பத்து நிமிசம் எந்திரியும்.”

“இன்னும் முப்பத்தொரு மணி நேரம் இருக்கு அக்கா.”

“இட்லிக்குப் போட்ட அரிசி ஊறி ஊறிக் கரையுது வே.”

“எடையில புடுங்குனா மொதல்ல இருந்து நாப்பத்தெட்டு.”

அம்மா என்னைப் பார்த்தாள். “ஏட்டி, புள்ளத்தாச்சி பொண்டாட்டிக்குக்கூட எவனும் இப்படிக் காவல் இருக்க மாட்டான்.” அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் உப்புமா.

சென்சார் கண் திறந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா விளக்கேற்றி, கரித்துண்டில் சாம்பிராணி போட்டு வீடு முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தாள். டப்பா அலறியது.

“தப்பில்ல அக்கா, இதுவும் கரிதேன். கரெக்டா சொல்லுது.”

“சாமிக்குக் காட்டுத புகைக்கும் கேஸ் போடுவீரோ?”

அதிலிருந்து அண்ணன் ஊதுபத்திக்கும் சாம்பிராணிக்கும் ஜென்ம விரோதி ஆனார். புகையின் பிசுக்கு படிந்தால் சென்சாரின் மூக்கு சீக்கிரம் செத்துவிடும் என்று எங்கேயோ படித்திருந்தார். டப்பாவிலிருந்து பத்தடிக்குள் யார் ஊதுபத்தி ஏற்றினாலும் ஓடிப் போய் ஊதி அணைத்தார். வீட்டுக்காரர் மனைவி பூஜையிலேயே ஒருமுறை அணைத்துவிட்டார். அன்று வாடகை ஏறாமல் தப்பித்தது அவர் அதிர்ஷ்டம்.

டப்பா முதலில் ‘பீப் பீப்’ என்றுதான் கத்தியது. லல்லன் அறையில் வைத்துச் சோதித்தோம். அவர் அசையவில்லை. தில்லியில் பீப் சத்தத்துக்கு யார் எழுந்திருக்கிறார்கள்? கார் பின்னால் வந்தாலும் அதே சத்தம், ஈ-ரிக்‌ஷாவுக்கும் அதே சத்தம். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. பாட்டுப் போடும் சின்ன மாட்யூல் ஒன்றைச் சேர்த்து, மனிதக் குரலில் கத்த வைக்கலாம் என்றேன். அண்ணன் முதலில் தன் குரலைப் பதிவு செய்தார். சுனிதா கேட்டுவிட்டு, “பாபுஜி ஏதோ விற்கிறார்” என்றாள்.

கடைசியில் லல்லனே பேசினார். தினமும் காலையில் நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி “ப்ரெஸ்வாலா” என்று கூவுகிற தொண்டை அது. நான் சொல்லிக் கொடுத்தது இரண்டு வாக்கியம்: உட்டோ பாய், தர்வாஸா கோலோ. எழுந்திரு, கதவைத் திற. லல்லன் ஓங்கிச் சொன்னார். சொன்ன வேகத்தில் பழக்கம் விடாமல் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துவிட்டார்: “கப்டா ஹோ தோ தே தோ.” துணி இருந்தால் கொடு.

சுனிதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அண்ணன் வெட்டிவிடச் சொன்னார். இருக்கட்டும் அண்ணா, நல்லா இருக்கு என்று நான்தான் விட்டேன்.

அந்த டப்பா வேலை செய்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். டிசம்பரில் மூன்று தடவை, கரிச்சட்டி உள்ளே போன அரை மணியில் லல்லன் குரல் லல்லனையே எழுப்பியது. மூன்று தடவையும் அவர் சட்டியை வெளியே வைத்துவிட்டு, “என் தூக்கத்தைக் கெடுக்கவா என் குரலை வாங்கினீர்கள்” என்று காலையில் எங்களைத் திட்டினார். அண்ணன் அந்தத் திட்டை என்னிடம் வந்து சொல்லிச் சொல்லிக் காட்டினார்.

ஆனால் பகலிலும் கத்தியது. வாசலில் இஸ்திரிப் பெட்டி கனலும்போது கத்தும். பனிமூட்டம் இறங்கும் காலையில் கத்தும். “துணி இருந்தால் கொடு” என்று காலியாகக் கிடந்த அறை கூவுவதைக் கேட்டு மூன்றாம் மாடி அம்மாள் துணியோடு இறங்கி வந்து ஏமாந்தாள். லல்லன் பிளக்கைப் பிடுங்கிவிடப் பார்த்தார். அண்ணன் என்னிடம் வந்தார். “பொய்க்குக் கத்துறத மட்டும் கொறச்சுக் குடு பாப்பா. இல்லேன்னா மறுபடியும் பொட்டிக்குள்ள போயிரும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டேன். எனக்கே என் மேல் மெச்சுதல். இனி டப்பாவுக்கு மின்சாரம் வந்ததும் முதல் ஒரு நிமிஷம் சுற்றியுள்ள காற்றை முகர்ந்து பார்க்கும். அதையே நல்ல காற்று என்று வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்துத்தான் கத்தும். வாசல் புகையும் பனிமூட்டமும் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துவிடும்.

அண்ணன் நிரலை மெதுவாகப் படித்தார். “போடும்போதே காத்து கெட்டிருந்தா?”

“போடறது நாமதானே அண்ணா? காலைல, கதவைத் திறந்து வெச்சுப் போடுவோம். ஒரு தடவை போட்டா முடிஞ்சுது.”

இன்னும் ஏதோ கேட்க வந்தவர் கேட்கவில்லை. நான் படித்தவள்.

அது ஜனவரி. செவ்வாய்க்கிழமை. சாயங்காலத்திலிருந்து தூறல், நல்ல குளிர். ஒன்பதரைக்குக் கரண்ட் போனது. அரை மணி கழித்து வந்தது. என் போன் வைஃபையைத் திரும்பப் பிடித்ததைக் கவனித்தேன். கட்டடத்தில் இன்னொன்றும் அதே நிமிஷம் அணைந்து எரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த அரை மணியில் லல்லன் வழக்கத்தைவிட அதிகமாகக் கனல் எடுத்துப் போயிருக்கிறார். கரண்ட் வந்தபோது அறை ஏற்கெனவே நிறைந்திருந்தது. டப்பா விழித்தது, ஒரு நிமிஷம் முகர்ந்தது, இதுதான் நல்ல காற்று என்று எழுதிக்கொண்டது. அதற்குமேல் ஏற இடமே இல்லை.

காலை ஆறு மணிக்கு அண்ணன் கதவைத் தட்டினார். “ஜிந்தா ஹோ?”

பதில் இல்லை. இரண்டாவது தடவை அவர் கேட்டது இரண்டாவது மாடியில் இருந்த என் காதில் விழுந்தது. மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. கதவு உடையும் சத்தம்தான் கேட்டது.

சுனிதா கதவோரமாகப் படுத்திருந்தாள். சாக்கு ஒரு மூலையில் விலகியிருந்தது. அவளைப் படிக்கட்டில் கிடத்தியதும் இருமினாள். லல்லன் உள்பக்கமாக, சட்டிக்கு அருகில். அலமாரியில் டப்பா பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கு நான் வைத்த விளக்கு.

அண்ணன் வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் லல்லனைக் கொண்டுபோனார்கள். வேறு ஆளிடம் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொன்னார்களாம். இவர் கொடுக்கவில்லை. முதலில் அந்த மூன்றெழுத்து ஷார்ட்கட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்திருக்கிறார். பிறகு பத்தி முழுவதையும் ஒவ்வோர் எழுத்தாக அடித்திருக்கிறார். நாலு நிமிஷ வேலை. மத்தியானம் வரை ஆகியிருக்கிறது.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் டப்பா. அம்மா தானே போய்க் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“அண்ணா, நான்தான்” என்றேன்.

“லேப்டாப்ப எடு” என்றார். டப்பாவைச் சொருகி, அது ராத்திரி என்ன செய்திருக்கும் என்று ஒவ்வொரு வரியாகக் காட்டச் சொன்னார். காட்டினேன். என் விரல் அந்த வரியில் நின்றது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். என் பெயரை எழுதப் போகிறார் என்றுதான் நினைத்தேன். எழுதட்டும் என்றும் நினைத்தேன்.

“டப்பா எண் ஒன்று. வெளிக்காயம் இல்லை. காரணம்: தான் கண் விழித்த காற்றை நல்ல காற்று என்று நம்பியது. தவிர்த்திருக்கலாம்.”

“நான் செத்த பிறகு எனக்கும் இதைத்தான் எழுதணும் அண்ணா. தில்லியில பொறந்தவங்க எல்லாருக்கும்.” ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அழாமல் இருக்க ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

“நானுந்தேன் கேட்டேன். கேட்டுட்டு விட்டுட்டேன்” என்றார். “அந்த வரிய எடு. பொய்க்குக் கத்துனா கத்திட்டுப் போகட்டும். கரண்ட் போனா ஓடுறதுக்கு பேட்டரி எப்புடி வைக்கிறதுன்னு சொல்லிக் குடு.”

அடுத்த குளிருக்குள் ஏழு டப்பா செய்தோம். பக்கத்துத் தெருக்களில் கரிப்பெட்டி வைத்திருக்கும் இஸ்திரிக்காரர்கள் அறைகளில் மாட்டினோம். குரலை மாற்றவா என்று அண்ணன் சுனிதாவிடம் கேட்டார். “எதற்கு? நாலு தெருவில் கூவட்டும்” என்றாள் அவள். சென்ற ஜனவரியில் ஓர் அறையில் அது நிஜமாகவே கத்தியது. புருஷன், பெண்டாட்டி, மாமியார் மூன்று பேரும் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தார்கள். மறுநாள் அந்த ஆள் அண்ணனிடம், “செத்தும் தொழில் விடவில்லை பாபுஜி அவன், துணி கேட்கிறான்” என்றாராம். அண்ணன் சிரித்துவிட்டு, மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் மேலே ஏறினார்.

வாசல் மேஜை இப்போது சுனிதாவுடையது. கரி இல்லை, மின்சார இஸ்திரிப் பெட்டி. அந்த அறையில் திரும்ப வைத்த டப்பாவுக்கு இனி வேலையே கிடையாது. அப்படியும் மாதம் ஒருமுறை அங்கே சென்சார் கெட்டுப்போகிறது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் காலையில் துணி கொடுக்கப் போனபோது பார்த்தேன். லல்லன் படத்தை டப்பாவுக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறாள். குளித்துவிட்டு வந்து ஊதுபத்தி ஏற்றினாள். படத்துக்கு ஒரு சுற்று காட்டிவிட்டு, டப்பாவின் மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்டோ பாய். தர்வாஸா கோலோ. கப்டா ஹோ தோ தே தோ. கேட்டுவிட்டு, ஊதுபத்தியைச் சொருகிவிட்டு வேலைக்கு வந்தாள்.

அண்ணனிடம் ஓடினேன். “அண்ணா, ஊதுபத்தியக் கொஞ்சம் தள்ளி வெக்கச் சொல்லலாமா? பிசுக்குப் பட்டு சென்சார் போயிடுது.”

“தெரியும். சொல்லாத.”

“மாசம் ஒண்ணு போகுது அண்ணா.”

“போனா வேற போடுவோம்.”

புதுச் சென்சாருக்கு அதே நாற்பத்தெட்டு மணி நேரம் சூடு வேண்டும். மாதம் ஒருமுறை லீவு போட்டுவிட்டு, டெஸ்டரும் சென்சாருமாக இறங்கி வருவார். நேற்றும் மணி அடித்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

“ஏட்டி, எமன் ஆபீஸ் கிளார்க்கு வந்திருக்கான். மாவு நேத்தே அரைச்சுட்டேன், அந்த மிக்ஸிய எடுத்து அங்கிட்டு வச்சுட்டு ஸ்டூலப் போடு.”